கவுன்சிலர் வீட்டுக்காரர்

ஒக்காருங்க, ஒக்காருங்க. அந்தப் பை என்னுதுதான், எடுத்துக்கறேன். ஜன்னல் பக்கம் வேணும்னா நீங்க வாங்க, எனக்கு வெயில் ஒத்துக்காது. இந்த மாதிரி பஸ்ஸுல ஏறி எத்தனை வருசமாச்சு தெரியுங்களா? ஊட்ல கார் இருக்குதுங்க. இல்லாம இல்ல. எங்கூட்டுக்காரி எடுத்துட்டுப் போயிட்டா. வார்டு வேலையாம். டிரைவர் பையனக் கேட்டா, "அம்மா எங்க போகச் சொல்றாங்களோ அங்கதாண்ணா"ங்கறான். அவனை வேலைக்கு வெச்சதே நானுங்க.

தாராபுரத்துல ஒரு காதுகுத்து. ஒறம்பரை, சொந்தக்காரங்க அத்தனை பேரும் வந்திருப்பாங்க. போயி எறங்குனதும் மொதக் கேள்வியே, "ஏன் மாப்ள, கவுன்சிலரம்மா வரலியா?"ம்பானுங்க. கேட்டுப்புட்டு ஒரு சிரிப்பு சிரிப்பானுங்க பாருங்க, எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். எல்லாவனும் அந்த வீடியோவப் பாத்திருக்கான். நீங்களும் பாத்திருப்பீங்க. பாக்கலியா? மாநகராட்சிக் கூட்டத்துல ஒரு ஸ்கூல் புள்ள திக்கித் திக்கிப் பேசும், பின்னால வெள்ளச் சட்ட போட்ட ஒருத்தரு எந்திரிச்சு நிப்பாரு... அது நாந்தானுங்க. சென்னியப்பன்.

பாக்கலைன்னா நல்லதாப் போச்சு. அதுல கொஞ்சந்தான் இருக்குது. முழுசும் சொல்றேன், கேட்டுட்டு நியாயத்த நீங்க சொல்லுங்க.

நான் மீசை மொளைக்கறப்ப இருந்து கட்சி வேலை பாத்தவனுங்க. தண்ணி வரலையா, சாக்கடை அடச்சுக்குச்சா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுமா, ராத்திரி எத்தனை மணிக்குக் கதவத் தட்டுனாலும் சென்னியப்பன் வருவான். எனக்கு சீட்டுக் குடுக்கற நேரம் பாத்து எங்க வார்ட லேடீஸ் வார்டுன்னு மாத்திப்புட்டானுங்க. என்ன பண்றது? தமயந்திய நிறுத்துனேன். தமயந்தின்னா எங்கூட்டுக்காரி. படிச்சவதானுங்க. அவ ஊர் ஸ்கூல்ல அவதான் பஸ்ட்டு. கல்யாணத்தப்ப எங்க மாமனாரு அவ வாங்குன கோப்பைய எல்லாம் சீரோட சேத்து அனுப்பி வெச்சாரு. நல்ல பித்தளை. நாங்க அதுல சீப்பு, கத்திரிக்கோலு எல்லாம் போட்டு வெச்சிருக்கறோம்.

போஸ்டர்ல ரெண்டு பேரு போட்டோவும் போட்டோம். என் போட்டோ கொஞ்சம் பெருசு. ஜனங்களுக்கு ஆளு தெரியோணுமில்லீங்க? ஜெயிச்சோம். ஜெயிச்சப்பறம் அவளுக்கு நான் ஒரு சிரமம் வெக்கல. போன் என்கிட்ட. லெட்டர் பேடு என்கிட்ட. மன்றக் கூட்டத்துக்கு அவ நல்ல பட்டுப்பொடவை ஒண்ணு கட்டிட்டு வந்து ஒக்காந்தாப் போதும். நான் அவளுக்குப் பின்னால சேர் போட்டு ஒக்காந்துக்குவேன். கையத் தூக்கற நேரம் வந்தா லேசாத் தொண்டையக் கனைப்பேன், தூக்குவா. நான் மட்டும் இல்லீங்க, என்னாட்ட வீட்டுக்காரருக ஒரு வரிசையே இருப்போம். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. அவளும் கேட்டதில்ல. "ஏனுங்க, கெளம்பலாமா?" அவ்வளவுதான் அவ பேச்சு.

இப்படி நல்லாப் போயிட்டிருந்துச்சுங்க. புதுசா ஒரு கமிஷனர் வந்தாங்க. சின்ன வயசு மேடம். வந்ததும் வராததுமா ஒரு திட்டம். மாணவர் ஆலோசனைக் குழுவாம். மாநகராட்சி ஸ்கூல் ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு புள்ளயோ பையனோ வரோணுமாம். சனிக்கிழமை சனிக்கிழமை அதுகளுக்கு பட்ஜெட்னா என்ன, கல்வி வரின்னா என்ன, அந்தப் பணம் எங்க போகுதுன்னு எல்லாம் மேடமே பாடம் எடுப்பாங்களாம். அப்பறம் பட்ஜெட்டுக்கு முன்னால மன்றத்துக்கு வந்து, எங்க ஸ்கூலுக்கு இது வேணும் அது வேணும்னு அதுக ஆலோசனை சொல்லுமாம். யாருக்கு? நமக்கு! ஏனுங்க, முப்பது வருசமா ரோட்ல நிக்கற எங்களுக்கு, டிபன் பாக்ஸுல தயிர்சோறு கொண்டு போற புள்ளைக ஆலோசனை சொல்றதா?

இருங்க, கண்டக்டர் வர்றாரு. தாராபுரம் ஒண்ணுங்க. சில்லறை இருக்குதுங்க, இந்தாங்க.

எங்க விட்டேன்? ஆங், ஆலோசனை. சரி, மேடம் சொல்லிட்டாங்க, என்ன பண்றது. எங்க வார்டுல பொண்ணுக ஸ்கூல் ஒண்ணு இருக்குது. பெரிய ஸ்கூலு, நல்ல கிரவுண்டு. அந்த வருசம் பட்ஜெட்ல அங்க புதுசா ரெண்டு ரூம் கட்டறதுக்கு நானே அலைஞ்சு திரிஞ்சு நிதி ஒதுக்க ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். கிரவுண்டுல ஒரு பக்கமாக் கட்டறதுன்னு பிளான். வேலைய எடுக்கறது யாருன்னா, கிரி. கிரிதரன். எம்பட மச்சினன், தமயந்தியோட கூடப் பொறந்த தம்பி. வெளியாளுக்குக் குடுத்தா மண்ணுல கட்டுவானுங்க. நம்மாளுன்னா நாலு வார்த்தை கேக்கலாமில்ல?

ஸ்கூல் ஹெச்.எம். போன் பண்ணுனாங்க. "யார அனுப்பட்டுங்க? லெவன்த்துல ஒரு புள்ள நல்லாப் பேசும்"னாங்க. நல்லாப் பேசற புள்ள எதுக்குங்க? "பேசாத புள்ளயா ஒண்ணு அனுப்புங்க"ன்னேன். யோசிச்சுட்டு, "கனிஷ்கான்னு ஒண்ணு இருக்குது. கணக்குல கெட்டி. ஆனா பேச்சு திக்குமுங்க"ன்னாங்க. "அதையே அனுப்புங்க"ன்னுட்டேன். தப்பா நெனைக்காதீங்க. திக்கற புள்ளைக்கு எவன் வாய்ப்புக் குடுப்பான்? நான் குடுத்தேன். ரெண்டே வரி எழுதியும் குடுத்து அனுப்புனேன்: எங்கள் பள்ளிக்கு இரண்டு புதிய வகுப்பறைகள் வேண்டும், மாமன்ற உறுப்பினருக்கு நன்றி. இதப் படிக்கறதுல என்ன கஷ்டம்? திக்குனாலும் படிச்சறலாம்.

கூட்டத்தன்னைக்கு மன்றமே கல்யாண மண்டபமாட்ட இருந்துச்சு. மேயர் இருக்காரு, மேடம் இருக்காங்க, பேப்பர்க்காரனுக கேமராவோட நிக்கறானுங்க. ஒவ்வொரு ஸ்கூலாக் கூப்பிட்டாங்க. ஒரு பையன் கம்ப்யூட்டர் வேணும்னான், கை தட்டுனோம். ஒரு புள்ள நாப்கின் மெஷின் வேணும்னா, கொஞ்சம் சங்கடமாப் போச்சு, அதுக்கும் தட்டுனோம். அப்பறம் இந்தக் கனிஷ்கா. ஒல்லியா, ரெட்டைச் சடை போட்டு, மைக்கு அது நெஞ்சு ஒசரத்துல நின்னுச்சு. நான் குடுத்த பேப்பரு கையில இல்லீங்க! எங்க வெச்சுதோ!

"எ... எ... எங்க ஸ்கூலுக்கு"ன்னு ஆரமிச்சுது. ஆரமிச்சுட்டு அங்கயே நின்னுக்குச்சு. மன்றமே வாயப் பாக்குது. எனக்குன்னா ஒடம்பெல்லாம் வேர்க்குது. ஒருத்தரு திக்கறத நம்மால பாத்துட்டு இருக்க முடியாதுங்க, அது என் சுபாவம். "பு... புது ரூம்"னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. "வே..."ன்னுச்சு. "வே... வே..." முகமெல்லாம் செவந்து போச்சு. பாவமா இருந்துச்சுங்க. எந்திரிச்சு, "வேணுமுங்க மேடம், புது ரூம் வேணும்கறா"ன்னேன். ஒதவிதானுங்க பண்ணுனேன்?

அது திரும்பி என்னைப் பாத்துச்சு. தலைய இப்படியும் அப்படியும் ஆட்டிட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து வருது. "எங்க ஸ்கூலுக்கு பு... புது ரூம் வே... வே..." நான் மறுபடியும், "அதான் சொல்லியாச்சே கண்ணு, வேணும். ஒக்காரு"ன்னேன்.

அப்பத்தானுங்க எங்கூட்டுக்காரி திரும்புனா. ஜெயிச்சதுல இருந்து அந்த மன்றத்துல வாயத் தொறக்காதவ. அவ மைக்கு ஆன்ல இருக்குதா இல்லையான்னு கூட அவளுக்குத் தெரியாது. ஆன்லதான் இருந்துச்சு போல.

"நீங்க சும்மா ஒக்காருங்க. அந்தப் புள்ள சொல்லி முடிக்கட்டும்."

மன்றம் பூராக் கேட்டுச்சுங்க. மேயர் கேட்டாரு. பேப்பர்க்காரனுக கேட்டானுங்க. என் பொண்டாட்டி, என்னைய, சும்மா ஒக்காருங்கன்னு.

நான் ஒக்காரல. ஒக்காரோணும்னு தோணவே இல்ல. அந்த வீடியோவுல நான் மரமாட்ட நிக்கறது அதுதான். அந்தப் புள்ள கண்ண மூடிட்டு, ஒரு மூச்சு இழுத்துட்டுச் சொல்லுச்சு.

"வேண்டாம்."

கேட்டுக்கங்க. புது ரூம் வேண்டாமாம்! கவர்மெண்டு பணத்துல கட்டிக் குடுக்கறோம்னா, வேண்டாம்னு சொன்ன ஸ்கூல் புள்ளய நீங்க எங்கயாவது பாத்துருக்கீங்களா?

அப்பறம் மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, எடுத்து வெக்குது. அவசரமே இல்ல அதுக்கு. "எங்க ஸ்கூல்ல ரெண்டு ரூம் இருக்குது. பூட்டி வெச்சிருக்காங்க. உள்ள பிளீச்சிங் பவுடர் டிரம் இருக்குது. கொசு மருந்து மெஷின் இருக்குது. ஒடஞ்ச தள்ளுவண்டி இருக்குது. நைன்த்து பொண்ணுக சைக்கிள் ஸ்டேண்டுல ஒக்காந்து படிக்கறாங்க. அந்த பவுடர் வாடைல பக்கத்து கிளாஸ்ல எல்லாரும் இருமறாங்க. அந்த ரெண்டு ரூமத் தொறந்து குடுங்க. கிரவுண்ட்ல கட்ட வேண்டாம், நாங்க வெளையாடோணும். அந்தப் பணத்துல லேப் குடுங்க. எங்களுக்கு லேப் இல்லாததுனால சயின்ஸ் குரூப்பையே எடுத்துட்டாங்க."

இத்தனையும் திக்கித் திக்கித்தான். ஒரு ஆளு கொட்டாவி விடலீங்க. சரளமாப் பேசுன பையன் பேசறப்ப பாதிப் பேரு போன நோண்டிட்டிருந்தானுங்க. இது பேசறப்ப அத்தனை கவுன்சிலரும் கழுத்த நீட்டிட்டுக் கேக்கறாங்க, அடுத்த வார்த்தை என்ன வருமோன்னு.

அந்த ரூம்ல சாமான் வெச்சது தற்காலிகமா வெச்சதுதானுங்க. வெள்ளம் வந்த வருசம் வார்டு சாமான் நனையக் கூடாதுன்னு நான்தான் வெக்கச் சொன்னேன். அப்படியே இருந்துருச்சு. அது ஒரு குத்தமா?

மேடம் கேட்டாங்க, "அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?" நான் மேலாப்பல ஓடற பேனப் பாத்துட்டு நின்னேன். எங்கூட்டுக்காரி மைக்க நேரா வெச்சுட்டு, "எங்க வீட்டு பீரோவுலதானுங்க மேடம் இருக்குது"ங்கறா.

மேடம் என்னைப் பாத்தாங்க. "சார், நீங்க எந்த வார்டு கவுன்சிலர்?"

"நான் கவுன்சிலர் வீட்டுக்காரருங்க."

"அப்ப வெளிய இருங்க சார்."

அவ்வளவுதானுங்க. பின்னால இருந்த எங்க வரிசை மொத்தமும் எந்திரிச்சு வெளிய வந்தோம். செருப்பு சத்தம் மட்டும் கேக்குது. அடுத்த நாள்ல இருந்து வீட்டுக்காரருக உள்ள வரக்கூடாதுன்னு ஆர்டரு. எதுத்தாப்பல டீக்கடைல ஒக்காந்து டீயக் குடிச்சுக் குடிச்சு என் வயிறே புண்ணாப் போச்சு. மத்த வீட்டுக்காரனுக எல்லாம் என்னைத்தான் திட்டறானுங்க, "உன்னாலதாய்யா"ன்னு.

எனக்குக் கோவம் வருமா வராதா? சொல்லுங்க. நான் கைதூக்கி விட்ட புள்ள. என்னையவே மன்றத்துல நிக்க வெச்சுருச்சு.

ஆனா நான் மிரட்டலீங்க. ஊருக்குள்ள அப்படித்தான் பேசறானுங்க, அது பொய்யி. அந்தப் புள்ளயோட குடும்பம் ஒரு லைன் வீட்ல வாடகைக்கு இருக்குது. லைன் வீட்டு ஓனரு நம்ம சினேகிதரு. டீ குடிக்கறப்ப, "உங்க லைன்ல யாரு யாரக் குடி வெச்சிருக்கறீங்கன்னு கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். காலி பண்ணச் சொன்னது அவரு. நானா சொன்னேன்?

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் புள்ளயோட அப்பன் வந்து நிக்கறான். பொன்னுப்பாண்டின்னு பேரு. தெக்க இருந்து பொழைக்க வந்தவன், பனியன் கம்பெனில அயர்ன் மாஸ்டர். செருப்ப கேட்டுக்கு வெளியவே கழட்டிட்டு வந்தான். மரியாதை தெரிஞ்ச ஆளு.

"அண்ணே, புள்ள எதும் தப்பாப் பேசிருச்சுன்னா மனசுல வச்சுக்காதீக. பரிச்ச முடியிற வரைக்கும் அந்த வீட்ல இருக்க விடுங்க. அதுக்குப் பெறகு எங்கிட்டாச்சும் போயிர்றோம்"னான்.

எனக்கும் மனசு எளகிருச்சுங்க. நான் என்ன கல்லா? "சரி விடு. உன் புள்ளய வந்து, தெரியாமப் பேசிட்டேன்னு மேயர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நான் பாத்துக்கறேன்"னேன்.

அவன் தலையச் சொறிஞ்சான். "அது முடியாதுண்ணே. நான் சொல்லிப் பாத்துட்டேன். 'நான் சொன்னதுல எதுப்பா பொய்யி'ன்னு கேக்குது. எனக்குப் பதில் வரல"ன்னான்.

திமிரப் பாத்தீங்களா? அப்பனுக்கே பதில் வரல, அப்பறம் என்ன அப்பன்? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னால சத்தம். தமயந்தி காப்பி டம்ளரோட நிலைப்படில நின்னுட்டிருக்கறா. எப்ப வந்தான்னே தெரியல. காப்பிய என்கிட்டக் குடுக்காம அவன்கிட்டக் குடுத்தா. சேர இழுத்துப் போட்டு, "ஒக்காந்து குடிங்க. எந்த லைனு? ஓனரு பேரு என்ன?"ன்னா. அவன் சொன்னான். அவன் போற வரைக்கும் அவ என்னைத் திரும்பிப் பாக்கல.

அவன் போனதும் டீப்பாய் மேல இருந்த போன எடுத்தா. என் கண்ணு முன்னாலயே எடுத்து நம்பரப் போட்டா.

"நான் கவுன்சிலர் தமயந்தி பேசறேன்"னா.

சத்தியமாச் சொல்றேன், ஒரு நிமிசம் யாரு பேசறாங்கன்னே எனக்குப் புரியலீங்க. அந்தக் குரல நான் கேட்டதே இல்ல. "அந்தக் குடும்பம் அங்கயேதான் இருக்கும். யாரு காலி பண்ணச் சொன்னாங்கன்னு நான் உங்களக் கேக்கப் போறதில்ல. எனக்குத் தெரியும். வெச்சிர்றேன்"னு வெச்சுட்டா. போன டீப்பாய் மேல வெக்கலீங்க. இடுப்புல சொருகிக்கிட்டா. அன்னைல இருந்து அந்த போனு அவகிட்டத்தான்.

அப்பறம் பீரோவத் தொறந்து சாவிய எடுத்தா. "எங்க போற?"ன்னேன். "வார்டுக்கு." "இரு, சட்டைய மாட்டிட்டு நானும் வர்றேன்." "நீங்க வேண்டாம்"னுட்டு ஆட்டோவுல ஏறிப் போயிட்டா.

நானும் கோவத்துல படுத்துட்டேன். எங்க போயிருவா, பசிச்சா வருவான்னு. சாயங்காலம் ஊட்டு முன்னால லாரிச் சத்தம். வந்து பாத்தா, சுமைக்காரங்க டிரம்ம எறக்கறானுங்க. பிளீச்சிங் பவுடர் டிரம்மு. எங்க எறக்கறானுங்க? என் ஊட்டு போர்ட்டிகோவுல! கார ரோட்ல தள்ளி நிறுத்திட்டு, வரிசையா அடுக்கறானுங்க. கொசு மருந்து மெஷினு, சக்கரம் இல்லாத தள்ளுவண்டி, பீஸ் போன ட்யூப் லைட்டு, அத்தனையும். தமயந்தி தலைல துண்டக் கட்டிட்டு, பொடவை எல்லாம் வெள்ளையா, "இதை இப்படி வைங்கண்ணா, அதை அங்க தள்ளுங்கண்ணா"ன்னு நிக்கறா.

"உனக்கென்ன பைத்தியமா?"ன்னு கத்துனேன். அக்கம்பக்கம் எல்லாம் மாடில நின்னு வேடிக்கை பாக்குது.

"ஸ்டோருக்கு வேற எடம் கெடைக்கற வரைக்கும் இங்க இருக்கட்டுங்க. தற்காலிகமா"ங்கறா.

அந்த வாடை இருக்குதே, ஐயையோ! கண்ணுல தண்ணியா ஊத்துதுங்க. ஒரு வாய் சோறு எறங்கல. ராத்திரி பூரா இருமல். மனுசன் இருப்பானா அந்த வாடைல? ஒரு வாரம் வெச்சிருந்தா. மாநகராட்சிக்காரனுகள நானே போயிக் கெஞ்சி, பழைய பம்ப் ரூம் ஒண்ணக் காலி பண்ண வெச்சு, அங்க மாத்துனேன். ஒரே வாரத்துல எடம் கெடச்சுதுங்க! நான் மனசு வெச்சா நடக்கும். அதத்தான் சொல்றேன், எங்கிட்டக் கேட்டிருந்தா எல்லாத்தையும் சுமுகமா முடிச்சிருப்பேன்.

கிரி வந்தான். எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. கூடப் பொறந்தவன் கேட்டாலாவது கேப்பாளேன்னு. "அக்கா, என்னக்கா இது? எனக்குக் குடுக்கறேன்னு சொன்ன வேலையக்கா. நான் ஆளெல்லாம் பேசி வெச்சுட்டேன்"னான்.

"நான் சொல்லலியே கிரி. சொன்னவங்ககிட்டக் கேளு. சாப்பிட்டியா? தட்டு வெக்கட்டுமா?"

அந்தத் தடியனும் ஒக்காந்து ரெண்டு தடவ ரசம் ஊத்தித் தின்னுட்டுப் போறானுங்க! எந்திரிச்சுக் கை கழுவறப்ப என்கிட்ட வந்து, "மாமா, அக்கா எட்டாவதுல ஸ்கூல் லீடரா இருந்தப்பவே இப்படித்தான்"ங்கறான். இத கல்யாணத்துக்கு முன்னால சொல்றதுக்கென்ன?

பட்ஜெட் அன்னைக்கு நாங்க டீக்கடைல. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. திடீர்னு மேசையத் தட்டுற சத்தம், ரோடு வரைக்கும் கேக்குது. வெளிய வந்த பியூன நிறுத்திக் கேட்டோம். "உங்கம்மாதாண்ணா பேசறாங்க"ன்னான். எங்க வார்டு ஸ்கூலுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம், அந்த நிதிய லேபுக்கு மாத்தோணும், கிரவுண்டுக்குச் சுத்தி வேலி போடோணும், சயின்ஸ் குரூப்ப மறுபடியும் கொண்டு வரோணும்னு கேட்டாளாம். மேயர் கூட, "என்னம்மா, உங்க வார்டுக்கு வர்றத நீங்களே வேண்டாங்கறீங்க?"ன்னாராம். "வேண்டாததை வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஸ்கூல் புள்ள எனக்குச் சொல்லிக் குடுத்துதுங்க"ன்னாளாம். அதுக்குத்தான் மேசையத் தட்டுனாங்களாம்.

அதோட நின்னுச்சா? மத்த வார்டுப் பொம்பளைகளும் ஒவ்வொருத்தியா எந்திரிச்சு, எங்க வார்டுல இது, எங்க வார்டுல அதுன்னு ஆரமிச்சுட்டாங்களாம். கூட்டம் முடிய பொழுது சாஞ்சுருச்சு. டீக்கடைல ஒருத்தன் மொகத்துல ஈயாடல. ஒருத்தன் மட்டும் "எம்பொண்டாட்டி என்ன பேசுனாளோ தெரியலியே"ன்னு நகத்தக் கடிச்சுட்டே இருந்தான்.

சரிங்க, அதெல்லாம் போகட்டும். நான் பெரிய மனுசன், பொறுத்துக்கறேன். போன மாசம் நடந்தது ஒண்ணுதான் என்னால தாங்க முடியல.

லேப் தெறப்பு விழா. டிரைவர் பையன் லீவு. "கொஞ்சம் வண்டி ஓட்டிட்டு வர்றீங்களா?"ன்னு கேட்டா. கேட்டுட்டாளேன்னு போனேன். உள்ள போகல. எனக்கென்ன அங்க வேலை? கார மரத்தடில போட்டுட்டு ஒக்காந்திருந்தேன். கிரவுண்டுல புள்ளைக த்ரோபால் ஆடிட்டிருந்துச்சுக. பூட்டிக் கெடந்த ரூமுக்கு நல்லா பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்கறானுங்க. யாரு அடிச்சான்னு தெரியல, கிரியா இருந்தாலும் இருக்கும்.

விழா முடிஞ்சு தமயந்தி வெளிய வந்தா. காருக்குப் பக்கத்துல வர்றதுக்குள்ள அந்தப் புள்ள, கனிஷ்கா, ஓடியாந்து என் பக்கம் ஜன்னல்கிட்ட நின்னுச்சு. என்கிட்டத்தானுங்க வந்துச்சு. மூச்சு வாங்குது. கூட நாலஞ்சு புள்ளைக தள்ளி நின்னு பாக்குதுக.

"ச... சார், ந... ந..."ன்னுச்சு.

நின்னுக்குச்சு. என்னையவே பாக்குது. ந-ன்னா என்னங்க? நன்றிங்கறதா? நல்லாருக்கீங்களாங்கறதா? நாசமாப் போங்கறதா? இல்ல, நல்லவேளை என்னைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு ஏதாச்சும் சொல்ல வந்துதா? எடுத்துக் குடுக்கலாம்னா எந்த வார்த்தையக் குடுக்கறது? மன்றத்துல பட்ட பாடு ஞாபகத்துக்கு வந்துருச்சு. கண்ணாடிய ஏத்திட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன்.

தமயந்தி ஏறோணுமில்லீங்க? ஏறல. கதவுல வெச்ச கைய எடுத்துட்டு, சுத்தி என் பக்கம் வந்து அந்தப் புள்ள முன்னால நின்னா. "சொல்லு கண்ணு"ங்கறது அவ வாயசைவுல தெரியுது. அவசரமில்லாம நிக்கறா. நான் ஹாரன் அடிச்சேன். திரும்பிப் பாக்கல. மறுபடியும் அடிச்சேன். கண்ணாடிக்கு வெளிய அந்தப் புள்ளயோட வாயி அசையுது, நிக்குது, அசையுது. ஒரு வார்த்தை கேக்கல. முடிச்சதும் ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அந்தப் புள்ள ஓடிப் போயிருச்சு.

வண்டில ஏறுனதும் கேட்டேன், "என்ன சொன்னா?"

"உங்ககிட்டச் சொல்லத்தான வந்தா"ன்னா.

"அதான் கேக்கறேன், என்ன சொன்னா?"

"அவகிட்டயே கேட்டுக்கங்க."

வீடு வர்ற வரைக்கும் கேட்டேன். சோறு போடறப்ப கேட்டேன். நேத்து ராத்திரி கூடக் கேட்டேன். அதே பதிலுதான். ஒரு வார்த்தைங்க! கூடிப்போனா ரெண்டு வார்த்தை இருக்குமா? கட்டுன புருசன்கிட்டச் சொன்னா கொறஞ்சு போயிருவாளா? கேட்டா, "அந்தப் புள்ள எங்கயும் போயிரல. ஸ்கூலு நம்ம தெருவுக்கு அடுத்த தெருதான்"ங்கறா.

நான் போயி அந்தப் புள்ள முன்னால நின்னு, அது எப்பச் சொல்லி முடிக்குதோ அது வரைக்கும் வாயத் தொறக்காம, அது வாயவே பாத்துட்டு நிக்கோணுமாமுங்க. நான். நானா?